நெருங்கிய தோழி பக்கத்து அறையில் இருக்கட்டும்

கேள்வி: நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு முதலாண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு, நிர்வாகமே சேர்த்துவிட்ட ஒரு பெண்ணோடு இருவர் அறையில் இருக்கிறேன். நீண்ட தாழ்வாரம், முப்பது பேருக்குப் பொதுவான குளியலறை. அடுத்த ஆண்டுக்கு நால்வர் சேர்ந்து ஒரு ‘சூட்’ எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதில் இரண்டு படுக்கையறைகள், ஒரு குளியலறை, ஒரு சின்னக் கூடம். ஆண்டுக்கு 1,300 டாலர் கூடுதலாகும். யார் யாரோடு ஒரே அறையில் இருப்பது என்பதில்தான் சிக்கல். எனக்கு என் நெருங்கிய தோழியோடு இருக்க ஆசை. அவளுக்கோ அவள் துறையிலேயே படிக்கும் இன்னொருத்தியோடு இருக்க ஆசை. அந்தப் பெண், ‘நாம் இருவரும் சீக்கிரம் தூங்குகிறவர்கள்’ என்று என்னைக் கேட்கிறாள். நான்காவது பெண்ணை எண்ணிக்கைக்காகச் சேர்த்துக்கொண்டோம். அவளோடு ஒரே அறையில் இருக்க மூவருக்குமே விருப்பமில்லை. என் தோழி இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பாள். எனக்குக் காலை எட்டு மணிக்கே ஆய்வகம் இருக்கும். அம்மா, ‘தமிழ்ப் பெண்ணாகப் பார்த்துச் சேர்ந்துகொள்’ என்கிறார். அறைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரங்களே உள்ளன. என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. யாரோடு ஒரே வீட்டில் இருப்பது என்பது ஒன்று. யாரோடு ஒரே அறையில் தூங்குவது என்பது இன்னொன்று. சாதாரண இருவர் அறையில் இவற்றைப் பிரிக்க வழியில்லை. நீங்கள் எடுக்கப்போகும் நால்வர் தொகுப்பில் பிரிக்க முடியும். கூடுதலாகக் கொடுக்கும் 1,300 டாலருக்குக் கிடைக்கும் உண்மையான பலன் அதுதான். எனவே என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீக்கிரம் தூங்கும் பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நெருங்கிய தோழி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

பல்கலைக்கழக விடுதி நிர்வாகத்தில் மாணவர் ஆலோசகராக வேலை செய்கிறேன். அறை மாற்றம் கேட்டு வருகிறவர்களில், முன்பின் தெரியாதவரோடு சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. உயிர்த்தோழியோடு விரும்பிச் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர்தான் அதிக வேதனையோடு வருகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம், ‘விளக்கை அணைத்துவிடுகிறீர்களா’ என்று கேட்பது எளிது. தோழியிடம் அதைக் கேட்க மனம் வராது. முதல் மாதம் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் மாதம் நூலகத்தில் போய் உட்காருவார்கள். மூன்றாம் மாதம், அவள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டதற்காகப் பெரிய சண்டை வரும். தூக்கமில்லாமல் கழிந்த எல்லா இரவுகளும் அந்தச் சண்டைக்குள் இருக்கும். தோழிக்கு அது தெரியவே தெரியாது. அறையும் போகிறது, நட்பும் போகிறது.

நீங்கள் நால்வரும் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலில் யார் மீதும் குற்றமில்லை. இதைக் கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே காட்டியிருக்கிறார்கள். (ஷாப்லிக்கு 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) நான்கு பேரை இரண்டு அறைகளில் ஜோடி சேர்க்க வேண்டும். முதலாமவருக்கு இரண்டாமவரைப் பிடிக்கும், இரண்டாமவருக்கு மூன்றாமவரை, மூன்றாமவருக்கு முதலாமவரை. நான்காமவர் மற்ற மூவருக்கும் கடைசித் தேர்வு. இப்படி அமைந்துவிட்டால் எந்த ஜோடியும் நிலைக்காது என்று அவர்கள் நிறுவினார்கள். நான்காமவரோடு இருக்க நேர்ந்தவர் வெளியேற நினைப்பார். அவரை ஏற்றுக்கொள்ள இன்னொருவர் எப்போதும் தயாராக இருப்பார்.

உங்கள் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சு அசலாக அதே அமைப்பு. நீங்களும் தோழியும் ஓர் அறை என்றால், தோழியும் அவள் துறைப் பெண்ணும் கூடிப் பேசித் திட்டத்தை மாற்றுவார்கள். அவர்கள் இருவரும் ஓர் அறை என்றால், துறைப் பெண் உங்களிடம் வருவாள். நீங்களும் துறைப் பெண்ணும் ஓர் அறை என்றால், நீங்களே தோழியை நோக்கிச் சாய்வீர்கள். ‘யாருக்கு யாரைப் பிடிக்கும்’ என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு எத்தனை இரவு பேசினாலும் முடிவு வராது. உங்களில் யாரோ சுயநலமாக இருப்பதால் முடிவு வராமல் போவதில்லை. அந்த அளவுகோலுக்கு விடையே கிடையாது. அதனால் அளவுகோலை மாற்றுங்கள். யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எழுகிறார், எவ்வளவு சத்தம் தாங்குவார், அறை எவ்வளவு ஒழுங்காக இருந்தால் நிம்மதி என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. நீங்களும் துறைப் பெண்ணும் சீக்கிரம் தூங்குகிறவர்கள். உங்கள் அறை அமைந்துவிட்டது.

இன்னோர் அறையில் உங்கள் தோழியும் நான்காவது பெண்ணும். இங்கேதான் நீங்கள் மூவரும் கவனமாக நடந்துகொள்ள வேண்டும். ‘எண்ணிக்கைக்காகச் சேர்த்துக்கொண்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை வந்தது. தன்னை இடம் நிரப்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது யாருக்கும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். மூவர் ஒன்றாகச் சாப்பிடப் போகும்போது நான்காமவர் அறைக்குள் இருந்து கதவுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஜனவரியில் வேறு அறைக்குப் போய்விட்டால், காலியான இடத்தில் விடுதி அலுவலகம் தன் விருப்பப்படி வேறு ஒருவரை அனுப்பலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த உரிமை அலுவலகத்துக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்குக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதரை ஓராண்டு முழுக்க வேண்டாதவராக உணரவைப்பது தவறு.

எனவே இந்த வாரமே அந்தப் பெண்ணோடு நான்கைந்து முறை சாப்பிடுங்கள், ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அவளைப் பிடிக்கவில்லை என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. அவளைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. தெரியாததுதான் உங்களுக்குப் பிடிக்காததாகத் தோன்றுகிறதோ என்று சந்தேகிக்கிறேன். அவளும் இரவில் விழித்திருக்கிறவள் என்றால் உங்கள் தோழிக்கு நல்ல அறைத்தோழியாக இருப்பாள். அவள் பழக்கம் முற்றிலும் வேறாக இருந்தாலோ, பழகிப் பார்த்தும் தோழிக்கு மனம் ஒப்பவில்லை என்றாலோ, இப்போதே அவளிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் முன்னால் சொன்னால் அவள் வேறு குழு தேடிக்கொள்வாள். முந்தின நாள் சொன்னால் அது துரோகம்.

தோழியிடம் எப்படிப் பேசுவது? நீட்டி முழக்க வேண்டாம், சமாதானம் சொல்லவும் வேண்டாம். ‘நாம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் எனக்குப் பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும், உனக்கு இரண்டு மணிவரை வேலை இருக்கிறது. ஒரே அறையில் இருந்தால் நான் உன் மீது எரிச்சல்படுவேன். அப்படி ஆக வேண்டாம் என்று நினைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவளே இன்னொருத்தியோடு இருக்கத்தான் விரும்புகிறாள் என்பதையும் மறக்காதீர்கள். நீங்கள் அஞ்சும் அளவுக்கு அவள் வருந்தமாட்டாள். ஒருவேளை அவளுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்.

தூக்கத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். அறைத்தோழி உங்கள் நாளின் வடிவத்தையே மாற்றக்கூடியவர். கென்டக்கி மாநிலத்தின் பெரேயா கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை வைத்து ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. அங்கே அறைத்தோழர்கள் குலுக்கல்போல ஒதுக்கப்பட்டார்கள். யாருடைய அறைத்தோழர் வீடியோ கேம் கருவியோடு வந்தாரோ, அந்த மாணவர் படிக்கும் நேரம் குறைந்தது, மதிப்பெண்ணும் குறைந்தது. டார்ட்மவுத் கல்லூரியின் அறைத்தோழர்களைப் பற்றிப் பொருளாதார அறிஞர் புரூஸ் சாசர்டோட் 2001-இல் வெளியிட்ட ஆய்விலும் மதிப்பெண்களில் ஒருவரின் தாக்கம் மற்றவர் மீது தெரிந்தது. எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுப்பது என்பதில் அந்தத் தாக்கம் தெரியவில்லை. அதனால் ஒரே துறையில் படிக்கிறவர் என்பதற்காக ஒருவரை அறைத்தோழியாக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் புத்தகத்தைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடுகிறவராக இருந்தால் அதுவே பெரிய உதவி.

அம்மாவின் யோசனைக்கு வருகிறேன். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. உடம்பு சரியில்லாத நாளில் தாய்மொழியில் பேச ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே கட்டடத்தில், அதே வளாகத்தில் இருந்தாலும் போதும். மொழி ஒன்றாக இருந்தால் பழக்கமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் அம்மாவுக்கு இப்போதே விளக்கிவிடுங்கள்: ஏதாவது பிரச்சினை என்றால் அவர் விடுதி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து விவரம் கேட்க முடியும் என்று நினைக்கக்கூடும். 1974-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த மாணவர் ஆவண ரகசியச் சட்டத்தின்படி, பொதுவாக உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உங்கள் விவரங்களைப் பெற்றோரிடம்கூட அலுவலகம் சொல்லாது. அதனால் பேச வேண்டியதை நீங்களேதான் பேசப் பழக வேண்டும்.

அடுத்து, அறைத்தொகுப்பு நல்லதா என்ற கேள்வி. எனக்கு அது பிடிக்கும். 1970-களில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வேலின்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் இரண்டு வகை விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் 34 பேர் ஒரு தாழ்வாரத்தையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டார்கள். மற்றொன்றில் ஆறு பேர்வரை ஒரு தொகுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் நெரிசலை அதிகமாக உணர்ந்தார்கள், பிறரைத் தவிர்க்கவும் பழகிவிட்டார்கள். யாரை எப்போது சந்திப்போம் என்பது நம் கையில் இல்லாதபோது மனம் களைத்துவிடுகிறது. முப்பது பேர் குளியலறையை ஓராண்டு பகிர்ந்துகொண்ட உங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆனால் ஒரு விஷயம் விடுதி விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் இருக்காது. தாழ்வாரத்துப் பொதுக் குளியலறையைப் பெரும்பாலும் பல்கலைக்கழகத் துப்புரவுப் பணியாளர்கள் சுத்தம் செய்கிறார்கள். தொகுப்புக்குள் இருக்கும் குளியலறையைப் பெரும்பாலான இடங்களில் நீங்கள்தான் கழுவ வேண்டும். கழிவறைக் காகிதம்கூட நீங்களே வாங்க வேண்டியிருக்கும். தொகுப்புகளில் வரும் சண்டைகளில் பாதி அந்தக் குளியலறையில்தான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். குளிக்கும் இடத்தில் அடைத்துக்கிடக்கும் முடியை யார் எடுப்பது என்பதற்காக இருவர் ஒரு பருவம் முழுக்கப் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

சேதத்துக்கான கட்டணமும் அப்படித்தான். கூடத்தில் சுவர் கீறப்பட்டு, யார் செய்தது என்று தெரியாவிட்டால், செலவை நால்வருக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். குடிபுகும் அன்று பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லாச் சுவரையும் மெத்தையையும் சன்னல் வலையையும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. நீங்கள் யாரும் அந்த வயதை எட்டியிருக்கமாட்டீர்கள். பொதுக் கூடத்தில் மது இருப்பதைக் கண்டுபிடித்தால், அது யாருடையது என்று பார்க்காமல் அங்கே இருந்த எல்லார் பெயரையும் எழுதிக்கொள்வது பல விடுதிகளில் நடைமுறை. கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. கூட்டாட்சி நிதி பெறும் கல்லூரிகள் வளாகத்தில் அதைத் தடைசெய்தே ஆக வேண்டும். நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்திருந்தால், உள்ளூர் மாணவருக்குச் சின்ன எச்சரிக்கையோடு முடியும் ஒரு விவகாரம் உங்களுக்குப் பெரிய சிக்கலாக மாறக்கூடும். அதனால், ‘நம் கூடத்தில் இது இரண்டும் கூடாது’ என்று கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். மறுப்பு வந்தால் அந்தத் தொகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

விருந்தினர் விஷயமும் அதே உரையாடலில் வரட்டும். யாருடைய நண்பர் இரவு தங்கலாம், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். காதலர் இருக்கிறாரா என்று கேட்கச் சங்கடமாக இருக்கும். அப்படிக் கேட்கவும் வேண்டாம். ‘யாராக இருந்தாலும் இரவு தங்குவதற்கு முதல் நாளே நால்வரும் சம்மதிக்க வேண்டும்’ என்று ஒரு விதி போதும். ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் மாடிக்குப் பொறுப்பான மூத்த மாணவர், அதாவது ஆர்.ஏ., அறைத்தோழர் ஒப்பந்தம் என்று ஒரு படிவம் தருவார். பலர் அதை இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். நீங்கள் அதை உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு தகராறு வரும்போது எங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்பது அந்தப் படிவத்தைத்தான்.

பணத்தைப் பற்றி. 1,300 டாலர் சின்னத் தொகையல்ல. எஃப்-1 மாணவர் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதால், அதைச் சம்பாதித்து ஈடுகட்டுவதும் எளிதல்ல. தொகுப்பில் சமையலறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கட்டாய உணவுத் திட்டத்தைக் குறைத்துக்கொள்ளச் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. கூடுதல் வாடகையில் ஒரு பகுதி அங்கே திரும்பி வரும். சமையலறை இல்லை, உணவுத் திட்டமும் முழுசாகக் கட்ட வேண்டும், வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்புகிறார்கள் என்றால், துறைப் பெண்ணோடு ஒரு சாதாரண இருவர் அறையை எடுத்து, தோழியை அதே மாடியில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டுக்கு நீங்களே ஆர்.ஏ. பணிக்கு விண்ணப்பிக்கலாம், பல இடங்களில் அதற்கு ஈடாக அறை இலவசமாகக் கிடைக்கிறது.

எந்தத் தொகுப்பைத் தேர்வது என்றால், தளத்தின் வரைபடத்தை மட்டும் நம்பாமல் நேரில் போய் நில்லுங்கள், முடிந்தால் இரவு பதினோரு மணிக்கு. மின்தூக்கி, படிக்கட்டுக் கதவு, துணி துவைக்கும் அறை, குப்பை அறை ஆகியவற்றின் பக்கத்தில் இருப்பதைத் தவிருங்கள். மேல்மாடி என்றால் தலைக்கு மேல் நடக்கும் சத்தம் இருக்காது. ஆனால் குளிர்சாதன வசதி இல்லாத பழைய கட்டடத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் மேல்மாடி கொதிக்கும். இரண்டு படுக்கையறைகளும் ஒரே அளவா, குளியலறைச் சுவர் எந்த அறையை ஒட்டி இருக்கிறது என்று பாருங்கள். சீக்கிரம் தூங்குகிறவர்கள் கூடத்திலிருந்து தள்ளி இருக்கும் அறையை எடுத்துக்கொள்வது நியாயம். அதற்குப் பதிலாகப் பெரிய அறையையோ நல்ல சன்னலையோ மற்றவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். சன்னலை அலட்சியமாக நினைக்காதீர்கள். கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா வளாகத்தில், ஏறக்குறைய 4,500 மாணவர்களுக்கு, பெரும்பாலான படுக்கையறைகளில் சன்னலே இல்லாமல் ஒரு பெரிய விடுதி கட்டத் திட்டமிட்டார்கள். 2021-இல் அதைக் கண்டித்து ஆலோசனைக் குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் பதவி விலகினார். பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வெளிச்சம் வராத அறையில் ஓராண்டு இருப்பது மனத்தை என்ன செய்யும் என்பதில் எனக்கு அந்தக் கட்டடக் கலைஞரோடு முழு உடன்பாடு.

இனி அறையைத் தேர்ந்தெடுக்கும் நாள். குழுவாகப் பதிவு செய்ய நால்வரும் விடுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முன்பணமும் கட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பதிவில் நிற்காமல் போகலாம். யார் முடித்துவிட்டார்கள் என்று இன்றே சரிபாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை வரும்போது நால்வர் தொகுப்புகள் தீர்ந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு. அந்த ஐந்து நிமிடப் பதற்றத்தில்தான் பல நட்புகள் உடைகின்றன: ஒருத்தி மற்றொருத்தியின் கையைப் பிடித்து, கிடைத்த அறையை எடுத்துக்கொள்வாள், மிச்சமிருப்பவர் அழுதுகொண்டு நிற்பார். நீங்களும் துறைப் பெண்ணும் ஒரு ஜோடி, தோழியும் நான்காவது பெண்ணும் ஒரு ஜோடி என்று முன்பே முடிவாகியிருந்தால், அதே ஜோடிகள் இரண்டு தனித்தனி அறைகளுக்குப் போய்விடலாம். யாரும் தெருவில் நிற்கமாட்டார்கள். எந்தக் கட்டடம் முதலில், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று எழுதி நால்வரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: டிசம்பர் விடுமுறையில் அந்தக் கட்டடம் திறந்திருக்குமா? பல விடுதிகளை அந்த வாரங்களில் மூடிவிடுகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு விமான டிக்கெட் எடுக்க முடியாத ஆண்டாக அது இருந்தால், மூடும் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.